வ.உ.சி. தடத்தில் இரண்டு நாள் வேன் பயணம்: ஒரு மதிப்புரை

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு மணியாச்சி, ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி வழியாக மறுநாள் மாலை திருநெல்வேலிக்கே திரும்பும் வேன் பயணம் ஒன்றைச் சிறிய சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் நடத்தி வருகிறார். வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர், கப்பல் விட்ட கடல், அவருடைய கைதைக் கேட்டுக் கொதித்த நகரம், அவர் இறந்த இடம் ஆகியவற்றை ஒரே சரட்டில் கோத்துக் காட்டுவதாக அவர்களுடைய துண்டறிக்கை சொல்கிறது. சென்ற மார்ச் மாதம் 12, 13 ஆகிய இரு நாள்களில் நான் இதில் சென்று வந்தேன். தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். 1908-இல் அவர் கைது செய்யப்பட்டது மார்ச் 12. அதைக் கேட்டுத் திருநெல்வேலி பற்றி எரிந்தது மார்ச் 13. ஏற்பாட்டாளருக்கு இந்தப் பொருத்தம் தெரியாது என்பதைப் பதிவு செய்யத் தொலைபேசியில் பேசியபோதே அறிந்துகொண்டேன். அவர் அமர்த்தியிருந்த வழிகாட்டிக்கோ அது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இந்தப் பயணத்தின் நிறையும் குறையும் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிடும் என்றாலும், ஆளுக்கு 4,200 ரூபாய் கொடுத்துப் போக நினைப்பவர்களுக்கு அது போதாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கட்டணத்தில் வேன் செலவு, தூத்துக்குடியில் ஓர் இரவுத் தங்கல் (இருவருக்கு ஓர் அறை), இரண்டு காலை உணவு, இரண்டு மதியச் சாப்பாடு, வழிகாட்டி ஆகியவை அடங்கும். இரவு உணவு நம் பொறுப்பு. பன்னிரண்டு பேர் அமரும் டெம்போ டிராவலரில் பதினொரு பேர் சென்றோம். அவர்களில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் தம்பதியர், மதுரையிலிருந்து வந்த மூன்று கல்லூரி மாணவியர், பள்ளிக்கூடத்து மகனுடன் வந்த ஒரு தாய் ஆகியோர் இருந்தார்கள். வழிகாட்டி, அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். தோளில் மாட்டிய துணிப்பைக்குள் பழைய ஆவணங்களின் நகல்களை அட்டைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். ஒலிபெருக்கி எதுவும் இல்லை. வேனின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய வகுப்பறைக் குரல் அவருக்கு இருந்தது.

முதல் இடம் மணியாச்சி. துண்டறிக்கையில் இதற்குத்தான் அதிக விளம்பரம். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற அதே நேரத்தில், அதே நடைமேடையில் நீங்கள் நிற்பீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த நேரம் காலை 10.38-ஐ ஒட்டியது. நாங்கள் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து எட்டரை மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். வராத இருவருக்காக முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். அவர்கள் கடைசி வரை வரவில்லை. ஊரைத் தாண்டியதும் ஓட்டுநர் ஓர் உணவகத்தின் முன் வண்டியை ஓரங்கட்டினார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்ததும், "இட்லி சூடா இருக்கு அண்ணாச்சி, பத்தே நிமிஷம்" என்றார் ஓட்டுநர். அந்தப் பத்து நிமிடம் ஐம்பது நிமிடம் ஆயிற்று. இட்லி உண்மையிலேயே சூடாக இருந்தது. சாம்பாரைப் பற்றியும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாங்கள் வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப் பலகையின் கீழ் நின்றபோது மணி 11.25. நடைமேடைச் சீட்டும் எடுத்து வைத்திருக்கவில்லை. அவரவர் வரிசையில் நின்று பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டோம். பத்து ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால் நுழைவுச் செலவு அனைத்தும் அடக்கம் என்று அச்சிட்டு விட்டு இப்படிச் செய்வது அழகன்று.

வழிகாட்டி இந்தத் தாமதத்தைத் தன் சொல்லால் ஈடுகட்டினார் என்றே சொல்ல வேண்டும். சுட்டது யார், எங்கே ஓடினார் என்று அவர் தொடங்கவில்லை. இந்தக் கரிசல் காட்டு நடுவே ஓர் ஆட்சியர் ஏன் வண்டியில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கேட்டார். விடை தண்டவாளத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து வரும் பாதை இங்கேதான் பிரிந்து ஒன்று திருநெல்வேலிக்கும் மற்றொன்று தூத்துக்குடிக்கும் போகிறது. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, கொழும்பிலிருந்து கப்பலில் வருபவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து போட் மெயில் பிடித்துத்தான் சென்னைப் பக்கம் போனார்கள். ஆஷும் அவருடைய மனைவியும் கொடைக்கானலுக்குப் போவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து, அந்தப் போட் மெயிலின் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார்கள். அது வந்து சேர வேண்டிய நேரம் 10.48. இடையில் இருந்தது வெறும் பத்து நிமிடம். செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறை வேலையில் இருந்த இருபத்தைந்து வயது இளைஞர் அந்தப் பத்து நிமிடத்தைப் பயன்படுத்திக்கொண்டார். சுட்டுவிட்டு நடைமேடையில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். கொழும்புக் கப்பலின் பயணிகளைச் சுமந்து வந்த ரயிலுக்காக ஆஷ் காத்திருந்தார் என்ற செய்தியை அதுவரை நான் கவனித்ததே இல்லை. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி போட்டியிட்டதும் அதே கொழும்புத் தடத்தில்தான்.

வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தைப் பற்றி அந்த வங்கி ஊழியர் கேட்டார். சிலர் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுவார்கள். சிலர் கடிதத்தில் தமக்குப் பிடித்த வரியை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். வழிகாட்டி இரண்டையும் செய்யவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டப்படவிருந்த வேளையில் எழுதப்பட்ட அந்தக் கடிதம், நாட்டு விடுதலையையும் சனாதன தர்மத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறது என்றும், அதனாலேயே அது இன்றுவரை விவாதத்துக்கு உள்ளாகிறது என்றும், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கு இருந்ததாக அக்கால இளைஞர்கள் உறுதியாக நம்பினார்கள் என்றும் நிதானமாக விளக்கினார். வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார் என்பதையும், இந்தக் கொலையில் அவருக்குத் தொடர்பில்லை என்பதையும் தனியாக எடுத்துச் சொன்னார். பயணத் திட்டம் வகுத்தவர்கள் இருவருடைய கதையையும் ஒன்றாகக் குழைத்து, ஆஷ் கொலையை வ.உ.சி. தடத்தின் தலைவாசலாக நிறுத்தியிருக்கிறார்கள். வேன் போகும் வழிக்கு அது வசதி. கதைக்கு அது தலைகீழ்: கப்பல் கம்பெனி பிறந்த 1906-இல் தொடங்க வேண்டியதை 1911-இல் தொடங்கினால், ஏன் சுட்டார் என்பதற்கான காரணத்தை நாம் மறுநாள் காலைதான் தெரிந்துகொள்கிறோம்.

அங்கிருந்து ஒட்டப்பிடாரம். இருபுறமும் பருத்தி வெடித்து நின்றது. சாலையின் ஒரு பாதியை மிளகாய் வற்றல் பிடித்துக்கொண்டிருந்ததால் வேன் ஊர்ந்தே போனது. 1872 செப்டம்பர் 5 அன்று வ.உ.சி. பிறந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. உள்ளே சிலையும் படங்களும் நூலகமும் உள்ளன. தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மகனும் 1895-இல் இதே ஊரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, 1900-இல்தான் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். திட்டத்தில் இந்த வீட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஏற்கெனவே ஏற்பட்ட தாமதத்தில் அது பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கியது. படங்களின் கீழே எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்த மாணவியரை ஓட்டுநர் ஹாரன் அடித்து அழைத்தார். அந்தத் தெருவில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் நான் நின்றுவிட்டேன். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தவர், "பிள்ளைவாள் வீட்டைப் பாக்க வந்தியளா? சித்த இருந்து பாத்துட்டுப் போகப்பிடாதா?" என்று கேட்டார். ஏற்பாட்டாளரிடம் நான் கேட்க விரும்பியதும் அதுவே.

ஏனென்றால் அடுத்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் கோட்டை கும்பினிப் படையால் தரைமட்டமாக்கப்பட்டது. இப்போது நாம் பார்ப்பது 1974-இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டை. பார்க்கத் தகுந்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு நூற்றாண்டு, வேறொரு போர், வேறொரு பயணம். படம் எடுத்துக்கொள்ள வசதியான இடம் என்பதாலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வழிகாட்டியும் இங்கே அதிகம் பேசவில்லை. மரநிழலில் அமர்ந்து மறுநாளைக்கான காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. தூத்துக்குடி போய்ச் சேரும்போது மாலை ஐந்து. தங்கும் விடுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை: படுக்கை விரிப்பு சுத்தம், குளிர்சாதனம் பெயரளவுக்கு, குழாயில் வந்த தண்ணீர் உப்பு. தூத்துக்குடியில் உப்புத் தண்ணீரைக் குறை சொல்வது முறையாகாது. மாலைப் பொழுதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் மக்ரூன் வாங்கிக்கொண்டேன். மாணவியர் பனிமய மாதா பேராலயத்தைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் பொரித்த பரோட்டா சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு வழிகாட்டி எங்களைப் பழைய துறைமுகத்துப் பக்கம் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றார். இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகவே 4,200 ரூபாயும் கொடுக்கலாம். இத்தனைக்கும் அங்கே பார்க்க எதுவும் இல்லை. துறைமுக வளாகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். வெளியே நின்றால் சரக்குத் தோணிகளின் பாய்மரங்களும் அலையே இல்லாத கடலும் தெரியும். 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கும் பெரிய துறைமுகம் வேறு இடத்தில் இருக்கிறது. அது 1974-இல் திறக்கப்பட்டது. வ.உ.சி. காலத்து நீராவிக் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கவில்லை. இங்கே கடல் ஆழமற்றது என்பதால் அவை பல மைல் தள்ளி நங்கூரமிட்டன. பயணிகளும் மூட்டைகளும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். "கப்பல் நின்ன இடத்தைக் காட்டுங்க சார்" என்று அந்தப் பள்ளிச் சிறுவன் கேட்டபோது, வழிகாட்டி அடிவானத்தைக் கையால் காட்டி, "அங்கன எங்கேயோ நின்னுச்சு தம்பி, கரையில நின்னு பாத்தா புகைதான் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பிறகு துணிப்பையிலிருந்து கோப்பை எடுத்தார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பங்குப் பத்திர நகல் ஒன்றை ஆளாளுக்குக் கொடுத்தார். கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆக, 40,000 பங்குகள். ஏன் 25 ரூபாய் என்று கேட்டார். வங்கி ஊழியர்தான் விடை சொன்னார்: பத்து லட்சத்தை நூறு பேரிடம் திரட்ட நினைத்திருந்தால் பங்கின் விலை பதினாயிரமாக இருந்திருக்கும், 25 ரூபாய் என்று வைத்தவர் கடைக்காரரையும் சம்சாரியையும் வக்கீல் குமாஸ்தாவையும் மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். சிறு பங்குகளோடு பெரும் பங்குகளும் தேவைப்பட்டன. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவரானார். நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடலைப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் ஒற்றை ஆளின் வீரச்செயலாகப் படித்தது பல்லாயிரம் பேரிடம் இருபத்தைந்து இருபத்தைந்து ரூபாயாகக் கேட்டு அலைந்த அலைச்சலாகத் தெரிந்தது.

முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். எதிர்த் தரப்பான வெள்ளையர் கம்பெனி, கப்பல் முதலாளியை நெருக்கியதால் அந்தக் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று தெரிந்த பிறகே 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்ற கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டி அதைச் சொல்லும்போது, கட்டணப் போர் நடந்தது உண்மை, குடை வழிவழியாகச் சொல்லப்படுவது என்று பிரித்தே சொன்னார். கூட்டத்தைச் சிரிக்க வைக்கக்கூடிய ஒரு கதையை இப்படி அடக்கிச் சொல்பவரை நம்பிக் கூடவே போகலாம் என்று அப்போது முடிவு செய்தேன்.

அங்கிருந்து கோரல் மில் போராட்டத்துக்கு வந்தார். நடந்தபடியேதான் பேசினார், ஆலை வாசலுக்குள் போக அனுமதி பெற்றிருக்கவில்லை. இது இன்னொரு ஏற்பாட்டுக் குறை. முன்கூட்டியே கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ இல்லையோ, கேட்டிருக்கவே இல்லை என்பது பேச்சில் வெளிப்பட்டது. 1908 பிப்ரவரி 27 அன்று, ஹார்வி நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த நூற்பாலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊரே பின்னால் நின்றது. வெள்ளையர் பக்கம் பேசிய வழக்கறிஞர் ஒருவரைச் சவரத் தொழிலாளி பாதியிலேயே விட்டுவிட்டுப் போனதாக ஒரு செய்தி உண்டு. அந்த வழக்கறிஞர் மீதி முகத்துக்கு என்ன செய்தார் என்று சிறுவன் கேட்டதற்கு மட்டும் வழிகாட்டியிடம் ஆவணம் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அரசுக்குக் கப்பலைக் காட்டிலும் இந்த வெற்றிதான் அச்சத்தைக் கொடுத்தது என்பது வழிகாட்டியின் கருத்து. கப்பல் கம்பெனியை வியாபாரத்தில் நெருக்கி அழிக்கலாம். ஆலைத் தொழிலாளரும் வழக்கறிஞரும் சவரத் தொழிலாளியும் ஒன்றாக நிற்பதை அப்படி அழிக்க முடியாது. ஆலை வெற்றி கிடைத்த சில நாள்களிலேயே, வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடுவது தொடர்பான கூட்டங்களைச் சாக்காக வைத்து வ.உ.சி.யைக் கைது செய்தார்கள்.

தூத்துக்குடியில் இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினார்கள். ஒன்று ஆஷ் நினைவு மண்டபம். அதைப் பார்க்கும்போது மணியாச்சி மறுபடி நினைவுக்கு வரும்; ஆனால் நாங்கள் வேனை விட்டு இறங்கவில்லை. மற்றொன்று, 1936 நவம்பர் 18 அன்று வ.உ.சி. உயிர்விட்டதாகச் சொல்லி வழிகாட்டி சுட்டிக்காட்டிய பகுதி. நோய் முற்றிய நிலையில் தன்னைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி, அங்கேயே இறந்தார்; வயது அறுபத்து நான்கு. கடை கண்ணிகள் திறந்துகொண்டிருந்த தெருவில், மோட்டார் சைக்கிள்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியபடி இதைக் கேட்டோம். பின்னால் வந்த சரக்கு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்ததால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. முதல் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் வீணாக்கிய ஒன்றரை மணி நேரத்தில் அரை மணியை இங்கே கொடுத்திருந்தால், ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

பத்தரைக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டுக்குள் திருநெல்வேலி வந்தோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. நகரில் பயணம் கொஞ்சம் தளர்ந்துபோனது உண்மை. 1908 மார்ச் 13 அன்று கடைகள் அடைக்கப்பட்டன. கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் ஆகியவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். நூற்றுப் பதினைந்து ஆண்டுக்கும் மேலான அந்த நாளின் அடையாளங்களை இன்றைய போக்குவரத்துக்கு நடுவே தேடுவது எளிதன்று. வழிகாட்டி ஒரு பழைய வரைபட நகலை விரித்துத் தெருக்களைப் பொருத்திக் காட்ட முயன்றார். ஆனால் வேனை எங்கும் நிறுத்த இடம் கிடைக்காமல் ஓட்டுநர் சுற்றிச் சுற்றி வந்தார். நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில், அதே மார்ச் 13 அன்று, நாங்கள் வேனின் ஜன்னல் வழியாகவே அஞ்சலி செலுத்தினோம். இந்தப் பகுதியை நடைப்பயணமாக மாற்றினால் மட்டுமே பொருள் இருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வ.உ.சி. மணிமண்டபம், அதன் பின் பாளையங்கோட்டை. கைதானவர்கள் முதலில் பாளையங்கோட்டைச் சிறையில்தான் வைக்கப்பட்டார்கள். நாங்கள் வெளியே சாலையோரம் நின்றபோது வழிகாட்டி தீர்ப்பைப் பற்றிப் பேசினார். 1908 ஜூலை 7 அன்று கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே, அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு இடம் கொடுத்துத் துணை நின்றதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்; மொத்தம் நாற்பது ஆண்டு. அப்போது வ.உ.சி.க்கு முப்பத்தாறு வயது கூட நிரம்பவில்லை. மேல்முறையீடுகளில் தண்டனை பெருமளவு குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள், 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. சிறைக்குப் போன சிவா தொழுநோயோடு திரும்பினார்.

ஆஷின் கல்லறையும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. திட்டத்தில் அது இல்லை. தூத்துக்குடியில் மண்டபத்தை வேனிலிருந்தே காட்டி, இங்கே கல்லறையை விட்டுவிட்டு, மணியாச்சிக்கு மட்டும் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்வது எப்படிச் சரியாகும் என்று தெரியவில்லை. சுட்டவர் தரப்பைப் போலவே சுடப்பட்டவர் தரப்பிலும் எஞ்சியிருப்பதைப் பார்த்தால்தான் மணியாச்சியில் நின்றதற்கு அர்த்தம் உண்டு.

ஒரு பெரிய இடைவெளியை ஏற்பாட்டாளரின் குறையாகச் சொல்ல முடியாது. வ.உ.சி.யின் வாழ்வில் மிகக் கடுமையான ஆண்டுகள் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் கழிந்தன. மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டது கோயம்புத்தூரில். செக்கைப் பார்க்க விரும்புபவர்கள் சென்னை கிண்டியில் உள்ள காந்தி மண்டப வளாகத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் இதெல்லாம் ஆகாது. ஆனால் விடுதலைக்குப் பிந்தைய வாழ்வு இந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திட்டம் தொடவே இல்லை. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டுச் சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றவருக்கு, வாலேஸ் என்ற ஆங்கில நீதிபதி அந்த உரிமத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. வெள்ளையர் கம்பெனியைக் கடலில் எதிர்த்தவர் ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த இந்தச் செய்தியை வழிகாட்டி வேனுக்குள் சொன்னபோது, மாணவியர் மூவரும் காதில் செருகியிருந்ததை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வ.உ.சி. வழக்கறிஞர் தொழில் செய்த கோவில்பட்டி, மணியாச்சியிலிருந்து ஒன்றும் தொலைவில் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பதிலாக அங்கே போயிருக்கலாம். கடலை மிட்டாயும் வாங்கியிருக்கலாம்.

மாலை ஐந்தரைக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறக்கிவிட்டார்கள். கருத்துப் படிவம் ஒன்றைக் கொடுத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார் ஓட்டுநர். வழிகாட்டிக்கு ஐந்தும், ஏற்பாட்டுக்கு இரண்டும் என்று பிரித்துப் போட அதில் இடமில்லை; பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். படிவத்தைப் படித்த ஏற்பாட்டாளர் இரண்டு நாள் கழித்து அழைத்தார். கோபப்படவில்லை. தூத்துக்குடியிலிருந்து தொடங்கி மணியாச்சியில் முடிக்கும்படி வழியைத் திருப்பிப் போடுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். பாஞ்சாலங்குறிச்சியை மட்டும் விட முடியாதாம்; ஆள்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். அதில் அவருக்கும் நியாயம் இருக்கலாம்.

போக நினைப்பவர்கள் பதிவு செய்யும்போதே வழிகாட்டி யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியர் வராத வாரத்தில் காசைக் கொடுக்க வேண்டாம். வேனில் இடப்பக்க ஜன்னல் இருக்கையில் காலை வெயில் விழும். மதியச் சாப்பாட்டை நம்பாமல் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணம் நவம்பர் 18-ஐ ஒட்டி இருக்கும் என்று சொன்னார்கள். அது அந்தப் பக்கம் அடைமழைக் காலம் என்பதால் குடையைத் தாமே எடுத்துச் செல்வது நல்லது. இந்தக் கம்பெனியில் குடை தரமாட்டார்கள்.